ஒரு நிறுத்தம், ஐந்து சலான்



"போலீஸ் வண்டியை நிறுத்தி ஒரே நேரத்தில் நாலைந்து கேஸ் எழுதிவிட்டார்கள், என்ன செய்வது?" என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது எங்களைக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், உணவு டெலிவரி செய்யும் தம்பிகள், மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறவர்கள். போனில் பாதி சொல்வதற்குள் அவர்கள் பணம் கட்டிவிடுகிறார்கள். அதனால் எங்களுக்கு நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறோம். நாங்கள் எங்கே தவறினோம் என்பதும் இதில் இருக்கிறது.

வட மாவட்டம் ஒன்றில் நடந்தது. ஊர்ப் பெயரும் காவல் நிலையத்தின் பெயரும் இங்கே வேண்டாம். அவை மனுவில் இருக்கின்றன. 2025 ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த நேரம். பக்கத்து ஊர் சேரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரவுப் பாடம் எடுத்துவிட்டு நாங்கள் மூன்று பேர் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு வண்டி. முன் வண்டியில் இருவர், பின் வண்டியில் ஒருவர். பின் வண்டிக்காரர் டீக்கடையில் நிறுத்தினார். "நீங்க போய்க்கிட்டே இருங்க, வந்துடறேன்" என்றார். நாங்கள் மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். இருநூறு அடி தாண்டினால் புறவழிச்சாலை. அங்கே தடுப்பு வைத்து நின்றிருந்தார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றது. ஓட்டினவர், பின்னால் இருந்தவர் இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. எண் பலகையில் பாதி இடத்தை ஒரு சாதிச் சங்கத்தின் பெயர் பிடித்திருந்தது. "யார் வீட்டுப் பையன்?" என்று கேட்டார் எஸ்.எஸ்.ஐ. பதில் வந்தது. "பாத்துப் போங்கப்பா" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்தது நாங்கள்.

"எந்த ஊரு?"

சொன்னோம்.

"ஊரா, காலனியா?"

"அம்பேத்கர் நகர் சார்" என்றார் வண்டி ஓட்டிய தம்பி.

"அப்ப காலனின்னு சொல்லு."

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்திருந்தார். அது எங்கள் மூவருக்கும் நினைவுக்கு வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. வண்டிச் சாவி அவர் கையில் இருந்தது.

பிறகு மெஷினை எடுத்தார். பின்னால் இருந்த தோழர் ஹெல்மெட் போடவில்லை. அது உண்மை. முதல் சலான், 1,000 ரூபாய். எண் பலகையின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சின்ன ஒட்டி, உள்ளங்கை அளவு. இரண்டாவது சலான், 500. "லைசென்ஸ் எடு." தம்பி போனில் டிஜிலாக்கரைத் திறந்து நீட்டினார். "செல்லுல காட்டுறதெல்லாம் செல்லாது. நம்பரைச் சொல்லு." பகலில் உணவு டெலிவரி செய்கிற தம்பி அவர். உரிம எண் மனப்பாடம், சொன்னார். மூன்றாவது சலான், ஓட்டுநர் உரிமம் இல்லை, 5,000. காப்பீட்டுத் தாள் அதே போனில் இருந்தது. அவர் பார்க்கவில்லை. நான்காவது சலான், காப்பீடு இல்லை, 2,000.

அந்த நேரத்தில் டீக்கடையிலிருந்து மூன்றாமவர் நடந்து வந்தார், கையில் தன் வண்டிச் சாவி, முழங்கையில் மாட்டிய ஹெல்மெட். "என்ன சார் ஆச்சு?" என்றார்.

"நீயும் இவனுங்ககூட வந்தவன்தானே? மூணு பேரு." வண்டியின் பக்கத்தில் எங்களை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். ஐந்தாவது சலான், ஒரு வண்டியில் மூவர், 1,000.

மொத்தம் 9,500 ரூபாய். ஐந்து குறுஞ்செய்தியும் பதினோரு நிமிடத்துக்குள் வந்து விழுந்தன. தம்பியின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். முழுக் கூலியும் கைக்கு வந்தால்கூட 28 நாள் மண் வெட்டினாலும் அந்த ஐந்து சலானைக் கட்ட முடியாது.

அன்று இரவு தம்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அண்ணே, கடன் வாங்கிக் கட்டிடறேன். லைசென்சுல கை வச்சா எனக்கு வேலையே போயிடும்."

பணம் கட்டினால் விவகாரம் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தடுப்பருகில் பணம் கட்டுவதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 200-இன்படி அது இணக்கக் கட்டணம். கட்டினால் வழக்கு முடிந்துபோகும். நீதிமன்றம் போக வேண்டாம். ஆனால் குற்றம் செய்தோம் என்ற பதிவு நம் பெயரில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வண்டியில் மூவர் போனதற்கான பிரிவு 194சி, ஹெல்மெட்டுக்கான பிரிவு 194டி இரண்டிலும் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமத் தகுதி இழப்பும் எழுதப்பட்டிருக்கிறது. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு மூன்று மாதம் என்றால் மூன்று மாதச் சோறு. ஆகவே செய்யாத குற்றத்துக்குப் பணம் கட்டுவது, "தொல்லை விட்டது" என்று தலைமுழுகும் காரியம் அல்ல. அடுத்த முறை நிறுத்தும்போது அந்தப் பதிவு மெஷினில் முதலில் வந்து நிற்கும்.

இரவோடு இரவாக நாங்கள் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. தெருவிளக்கடியில் உட்கார்ந்து, நடந்ததை மூன்று பேரும் தனித்தனியாக எழுதினோம். நேரம், இடம், சட்டையில் இருந்த பெயர், யார் எந்த வார்த்தையைச் சொன்னார் என்பது எல்லாம். எண் பலகையை நாலு பக்கமும் படம் எடுத்தோம். டீக்கடையில் ஜிபேயில் பணம் கட்டிய நேரத்தைப் படமெடுத்து வைத்தோம். டீ மாஸ்டரிடம் போய், மூன்றாமவர் தனி வண்டியில் வந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டோம். "பாத்தேன்பா, கோர்ட்டுக்கெல்லாம் கூப்பிடாதீங்க" என்றார். கூப்பிடவில்லை. அவர் கடை அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

செய்த தவறும் அதே இரவில்தான். கோபத்தில் ஒரு மனு எழுதினோம். தலைப்பு: 'ஒரே நிறுத்தத்தில் ஐந்து வழக்கா?' ஐந்தும் சாதி வெறியால் போடப்பட்டவை, ஐந்தையும் ரத்து செய்ய வேண்டும் என்று நான்கு பக்கம். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987, பிரிவு 12, யார் யாருக்கு இலவச வழக்கறிஞர் கிடைக்கும் என்று பட்டியலிடுகிறது. அதில் முதலில் இருப்பது பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும்தான். வருமான வரம்பு நமக்குக் கிடையாது. சாதிச் சான்றிதழ் நகல் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இட ஒதுக்கீடு பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நம் தோழர்கள் பலருக்கு இந்தப் பிரிவு தெரியாது. எங்களுக்கும் அன்றுவரை அரைகுறையாகத்தான் தெரியும்.

எங்களுக்கு அமைந்தது ஒரு வழக்கறிஞர் அக்கா. மனுவைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஒரே நேரத்துல அஞ்சு கேஸ் போடக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க, நானும் தெரிஞ்சிக்கிறேன்."

எங்களிடம் பதில் இல்லை. அவரே விளக்கினார். ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைத்து இரண்டு முறை தண்டிக்கக் கூடாது. அரசமைப்புச் சட்டம் உறுப்பு 20(2) அதைச் சொல்கிறது, பொதுக் கூறுகள் சட்டம் 1897 பிரிவு 26-உம் சொல்கிறது. ஆனால் ஹெல்மெட் ஒரு செயல், எண் பலகை வேறு செயல், உரிமம் வேறு. ஒரே நிறுத்தத்தில் பத்துக் குற்றம் நடந்திருந்தால் பத்துக்கும் வழக்குப் போடலாம். எனவே எண்ணிக்கையை வைத்து வாதாடினால் முதல் நாளே தோற்போம்.

"முன்னாடி போனவங்களை விட்டாங்களே அக்கா?"

"விட்டாங்க. அதுக்காக உங்க தலையில ஹெல்மெட் வந்துடுமா?" அடுத்தவர் தப்பித்தார், ஆகவே என்னையும் விடு என்று உறுப்பு 14-ஐக் காட்டிக் கேட்க முடியாது, சமத்துவத்தை அப்படித் தலைகீழாகக் கேட்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை என்றார். ஆளைப் பார்த்துப் பிடித்தார்கள் என்பது உண்மைதான், அது பெரிய குற்றச்சாட்டு, அதற்குத் தனி மனு எழுதுங்கள், சலானோடு கலக்காதீர்கள் என்றார்.

பிறகு ஒரு தாளை எடுத்து ஐந்து கோடு போட்டார். ஒவ்வொரு கோட்டிலும் மூன்று கட்டம். அவர்கள் சொல்வது என்ன, அதை நிரூபிக்க அவர்களுக்கு என்ன வேண்டும், நம்மிடம் என்ன இருக்கிறது. "ஐந்தையும் ஒரே மூட்டையா பாக்காதீங்க. பிரிச்சுப் பாருங்க" என்றார். எங்கள் நான்கு பக்க மனுவை அங்கேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம்.

முதல் கோடு, ஹெல்மெட். பின்னால் இருப்பவரும் அணிய வேண்டும் என்பது பிரிவு 129. அணியவில்லை. இங்கே எங்களுக்குள் சண்டை வந்தது. பின்னால் இருந்த தோழர், "ஊர்க்காரனை விட்டுட்டு நம்மளப் புடிச்சான், நான் ஏன் ஒத்துக்கணும்?" என்றார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் எங்கள் தெருவிலேயே வண்டியிலிருந்து விழுந்து தலை உடைந்து போன பிள்ளைகளை நாங்கள் தூக்கியிருக்கிறோம். ஹெல்மெட்டை எஸ்.எஸ்.ஐ.க்காகப் போடுவதில்லை. கட்டினோம், 1,000. அதிலும் தகுதி இழப்பு விதி இருக்கிறது என்று தெரிந்துதான் கட்டினோம். உண்மையான ஒன்றுக்கு மட்டும் அந்த ஆபத்தை ஏற்கலாம் என்று தம்பியே முடிவு செய்தார்.

இரண்டாவது, எண் பலகை. எண்ணைத் தவிர வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது. விதி எங்களுக்கும்தான். ஒட்டியை எடுத்துப் பெட்ரோல் டாங்கில் ஒட்டினோம். 500 கட்டினோம்.

மூன்றாவது, உரிமம். சட்டத்தில் இரண்டு வேறு குற்றங்கள் இருக்கின்றன. உரிமமே பெறாமல் ஓட்டுவது பிரிவு 3. அதற்கான தண்டனை பிரிவு 181. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். உரிமம் வைத்திருந்து, கேட்கும்போது காட்டாமல் போவது பிரிவு 130. அது மிகச் சிறிய விஷயம். எங்கள் தம்பி காட்டவும் செய்தார். மத்திய மோட்டார் வாகன விதி 139, 2018 நவம்பரில் திருத்தப்பட்ட பிறகு, ஆவணங்களைத் தாளாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. டிஜிலாக்கரில் இருப்பதும் எம்பரிவாகனில் இருப்பதும் செல்லும். இதைவிட வேடிக்கை, அக்கா சலானைக் கையில் வாங்கிப் பார்த்து விரல் வைத்த இடம்தான். 'ஓட்டுநர் உரிமம் இல்லை' என்ற அதே சலானில் தம்பியின் உரிம எண் அச்சாகியிருந்தது. தம்பி சொன்ன எண்ணை எஸ்.எஸ்.ஐ. தட்டியதும் மெஷினே அவர் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. பத்து முறை அந்தச் சலானைப் பார்த்திருக்கிறோம், எங்கள் கண்ணில் அது படவில்லை. 5,000 என்ற எண்ணைத் தவிர வேறு எதையும் நாங்கள் படிக்கவே இல்லை.

நான்காவது, காப்பீடு. பிரிவு 196. இதிலும் மூன்று மாதம் வரை சிறை என்று இருக்கிறது. "கோர்ட்டுக்குப் போனா உள்ள போயிடுவ" என்று தடுப்பருகில் பயமுறுத்தியது இதை வைத்துத்தான். காப்பீடு இல்லாதவருக்கு அந்தப் பயம் நியாயம். எங்கள் வண்டிக்கு இருந்தது. அரசின் வாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு எந்தத் தேதி வரை என்று வருகிறது. அச்செடுத்தோம்.

ஐந்தாவது, மூன்று பேர். இருந்த ஒரே சான்று அவர்கள் எடுத்த படம். அதில் நாங்கள் மூன்று பேரும் தரையில் நிற்கிறோம். ஒருவர் முழங்கையில் ஹெல்மெட்.

அந்த வாரப் படிப்பு வட்டத்தில் வேறொன்றைப் படித்தோம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஃபெர்குசன் என்ற ஊர். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்ற ஊர். அதன் பிறகு அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் அவ்வூர்க் காவல் துறையை விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் 67 விழுக்காடு. சாலையில் நிறுத்தப்பட்ட வாகனங்களில் அவர்களுடையவை 85 விழுக்காடு, எழுதப்பட்ட அபராதச் சீட்டுகளில் 90 விழுக்காடு. ஒரே நிறுத்தத்தில் யார் அதிகச் சீட்டு எழுதுவது என்று காவலர்களில் சிலர் தங்களுக்குள் போட்டி போட்டார்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது. ஒரு முறை ஒரே நிறுத்தத்தில் 14 சீட்டு. கூடைப்பந்து ஆடிவிட்டு நிறுத்தி வைத்த காரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மீது எட்டு வழக்கு. மைக்கேல் என்ற பெயரை மைக் என்று சுருக்கிச் சொன்னது ஒரு குற்றம். ஓடாத காரில் சீட் பெல்ட் போடாதது இன்னொரு குற்றம். அந்த எட்டால் அவர் வேலையும் போனது.

படித்து முடித்ததும் தம்பி, "நம்ம எஸ்.எஸ்.ஐ. அங்கயும் இருக்காரா?" என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் எங்களுக்கு ஒன்று புரிந்தது. ஒரு பொய் வழக்கு தனியாக வந்தால் எதிர்த்துப் பேசத் தோன்றும். இரண்டு உண்மையோடு மூன்று பொய்யைச் சேர்த்துக் கட்டினால், உண்மையான இரண்டும் நம் வாயை அடைத்துவிடும். ஹெல்மெட் போடாத கூச்சத்தில் உரிமத்தைப் பற்றிப் பேச நா எழாது. ஐந்துக்கும் அலைய யாருக்கும் நேரம் கிடையாது. அங்கேயே கட்டிவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் ஐந்தாவதை எழுதுகிறார்கள். அக்கா போட்ட ஐந்து கோட்டின் வேலை, அந்தக் கட்டை அவிழ்ப்பது.

இரண்டு சலானைக் கட்டினோம். மற்ற மூன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். காவல் கண்காணிப்பாளருக்குத் தனி மனு, அதில் "ஊரா, காலனியா?" என்ற கேள்வியும் அதற்குப் பிறகு நடந்ததும், முன்னால் போன வண்டியும். வாங்கியதற்கு முத்திரை போட்ட நகல் வாங்கினோம். பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தச் சந்திப்பின் கேமரா பதிவைக் கேட்டோம். 30 நாள் கெடு முடிகிற நேரத்தில் பதில் வந்தது: பதிவு அழிந்துவிட்டது. இது எங்கள் இரண்டாவது தவறு. பதிவை அழிக்காமல் எடுத்து வையுங்கள் என்று மறுநாள் காலையே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் பன்னிரண்டு நாள் கழித்துக் கேட்டோம்.

நீதிமன்றத்தில் முதல் வாய்தா அன்று வரிசையில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" "ஒப்புக்கறேங்கய்யா." அபராதம். அடுத்தவர். ஒருவருக்கு அரை நிமிடம். அந்த வேகத்தில் நம் வாயிலும் அதே வார்த்தை வந்துவிடும். தம்பி முந்தின நாள் இரவு வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். "மூன்று வழக்கையும் ஒப்புக்கொள்ளவில்லை ஐயா." நடுவர் நிமிர்ந்து பார்த்தார். "வக்கீல் இருக்காரா?" அக்கா எழுந்து நின்றார்.

உரிமமும் காப்பீடும் இரண்டாவது வாய்தாவிலேயே விழுந்தன. சலானில் உள்ள உரிம எண்ணை அக்கா காட்டினார். உரிமமும் காப்பீட்டுச் சான்றும் மேசைக்குப் போயின. நடுவர் இரண்டு நிமிடம் படித்தார். முடிந்தது. 7,000 ரூபாய்.

மூன்று பேர் வழக்கு இழுத்தது. எஸ்.எஸ்.ஐ. இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் தம்பிக்கு ஒரு நாள் வேலை போனது. நான்காவது வாய்தா முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, "ஆயிரம்தானே அண்ணே, கட்டிடலாமா?" என்றார். நாங்கள் யாரும் "போராடு" என்று சொல்லவில்லை. வேலையை இழப்பது அவர், நாங்கள் இல்லை. கட்டினால் உரிமத்துக்கு என்ன ஆகலாம், கட்டாவிட்டால் இன்னும் எத்தனை நாள் ஆகலாம் என்று தெரிந்ததைச் சொன்னோம். அவர் ஒரு இரவு யோசித்தார். மறுநாள் காலை, "வேணாம். நான் மூணு பேரை ஏத்தல" என்றார்.

ஐந்தாவது வாய்தாவுக்கு எஸ்.எஸ்.ஐ. வந்தார். மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றார். அக்கா கேட்டது சில கேள்விகள்தான். வண்டியை எவர் ஓட்டினார்? தம்பியைக் காட்டினார். நடுவில் உட்கார்ந்திருந்தவர் யார்? படத்தைக் கொடுத்தார்கள். அவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒருவரைக் காட்டினார். அவர் காட்டியது முழங்கையில் ஹெல்மெட் மாட்டியிருந்தவரை. "நடுவில் இருந்தவர் ஹெல்மெட் வைத்திருந்தார், பின்னால் இருந்தவருக்கு இல்லை என்று சலான் போட்டீர்கள். நடுவில் இருந்தவருக்கு ஏன் போடவில்லை? அந்த ஹெல்மெட் அப்போது தலையில் இருந்ததா, கையில் இருந்ததா?" பதில் வரவில்லை. டீக்கடையில் பணம் கட்டிய நேரமும் அங்கே நின்ற வண்டியின் எண்ணும் ஏற்கெனவே தாக்கலாகியிருந்தன. அடுத்த வாய்தாவில் விடுதலை என்று உத்தரவு.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 8,000 ரூபாய் கட்டாமல் தப்பித்தோம். பேருந்து, நகல், முத்திரை, சாப்பாடு என்று மூவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 2,000 செலவு. தம்பிக்கு ஆறு நாள் வேலை போனது. அந்த ஆறு நாளையும் யாரும் திருப்பித் தரவில்லை. படிப்பு வட்டத் தோழர்கள் தலைக்கு நூறு, இருநூறு என்று போட்டு அதில் பாதியை ஈடுகட்டினோம். வழக்கைத் தாங்கியது அந்த வசூல்தான். தனி ஆளாக இருந்திருந்தால் தம்பி நான்காவது வாய்தாவோடு கட்டியிருப்பார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெற்றி என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. "ஊரா, காலனியா?" என்று கேட்டதற்கான மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குத் தொடுக்கலாமா என்று பேசினோம். பிரிவு 3(1)(r), பிறர் காணும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது. அவர் சாதிப் பெயர் எதையும் சொல்லவில்லை. கேட்டது ஒரு முகவரி. அந்த முகவரியில் சாதி இருப்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், நிரூபிப்பதுதான் கடினம். எங்களைத் தவிர சாட்சி சொல்ல ஆளில்லை. அந்தச் சட்டத்தை அரைகுறைச் சான்றோடு எடுத்துப் போய்த் தோற்றால், அடுத்து உண்மையாக அடிபட்டு வருகிறவருக்கு அது பாதகமாகும் என்று அக்கா சொன்னார். ஏற்றுக்கொண்டோம், மனதில்லாமல். மனுவுக்கு நினைவூட்டல் கடிதம் மட்டும் மாதம் தவறாமல் போகிறது.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதலில் குரலை உயர்த்தாதீர்கள். பெயரையும் நேரத்தையும் மனதில் வாங்குங்கள். ஆவணத்தைப் போனில் காட்டுங்கள், மறுத்தால் மறுத்த வார்த்தையை நினைவில் வையுங்கள். அங்கேயே பணம் கட்டச் சொன்னால், எது உண்மையோ அதை மட்டும் கட்டலாம், மற்றதற்கு நீதிமன்றம் போகிறேன் என்று சொல்லலாம். வீட்டுக்கு வந்ததும் எழுதுங்கள். கேமரா பதிவை எடுத்து வைக்கச் சொல்லி மறுநாளே மனுக் கொடுங்கள். சலானை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள், தொகையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும். பிறகு ஒரு தாளில் கோடு போடுங்கள். செய்ததைச் செய்தேன் என்று சொல்லுங்கள். அப்போதுதான் செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லும்போது நடுவர் நிமிர்ந்து பார்ப்பார்.

தீர்ப்பு நகல் வந்ததும் தம்பி அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி வந்தார். விடுதலை என்று இருக்கிறது. அவர் பெயர், தந்தை பெயர், அதற்குக் கீழே முகவரி. உரிமத்தில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள்: கதவு எண், தெரு, காலனி.

உரிமத்தில் முகவரியை அம்பேத்கர் நகர் என்று மாற்றக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். எங்கள் தெருவிலிருந்து இதுவரை பதினேழு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.